எல்லாப்பிரகட சுப்பாராவ்: சிறுநீரக நோயாளியின் பரிசோதனை அறிக்கைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

எமரால்டு, இத்தலார், மஞ்சூர் போன்ற மலையூர்களிலிருந்து சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொடர் பரிசோதனைக்காக உதகைக்கோ கோயம்புத்தூருக்கோ பேருந்தில் சென்று வருவோரின் கைப்பையில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். ஒன்று இரத்தப் பரிசோதனை அறிக்கை. மற்றொன்று மாத்திரைப் பெட்டி. அறிக்கையில் மருத்துவர் முதலில் பார்க்கும் வரி கிரியேட்டினின். அதற்குச் சில வரிகள் கீழே பாஸ்பரஸ் என்று ஓர் எண் இருக்கும். மாத்திரைப் பெட்டியில், மாற்றப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்துகள் இருக்கும்.

இந்த எண்களுக்கும் இந்த மாத்திரைகளுக்கும் பின்னால் உள்ள ஆய்வுகளில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒருவரின் உழைப்பு கலந்துள்ளது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் அறுவை சிகிச்சை நிபுணர் அல்லர். ஒரு சிறுநீரகத்தையும் அவர் மாற்றிப் பொருத்தியதில்லை. உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நிகழ்வதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே அவர் காலமானார். இருந்தபோதிலும், அந்தச் சிகிச்சையை இன்று பாதுகாப்பாக நடத்துவதற்குத் தேவையான அளவீடுகளும் மருந்துக் கொள்கையும் உருவான பாதையில் அவர் மும்முறை குறுக்கிடுகிறார். அவரது வாழ்க்கையை அறிந்துகொள்வது, தங்கள் அறிக்கையைத் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் உதவக்கூடும் என்பதால் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

பீமவரத்திலிருந்து சென்னைக்கு

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை வருவாய்த் துறையில் பணியாற்றியவர்; உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற நேர்ந்தது. குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பள்ளிப் படிப்பில் சுப்பாராவ் சிறந்து விளங்கியவர் என்று கூற இயலாது. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதியே தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார். துறவறம் பூணும் எண்ணம் அவருக்கு இருந்தது. இராமகிருஷ்ண இயக்கத்துடனான தொடர்பே அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்பர்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் விடுதலை இயக்கம் அவரை ஈர்த்தது. அயல்நாட்டுத் துணியை விலக்கிய அவர், அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியையே அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு இதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியின் கதவு மூடிக்கொண்டது. சென்னையில் டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிக்கும் பணியில் அவர் சேர்ந்தார்.

இக்காலத்தில் அவர் குடும்பத்தில் நேர்ந்த இழப்பு அவரது ஆய்வுத் திசையையே தீர்மானித்தது. ஸ்புரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோயால் அவருடைய சகோதரர்கள் இருவர், சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். உணவிலுள்ள சத்துகளைக் குடல் உறிஞ்ச இயலாமல், தொடர் வயிற்றுப்போக்கும் கடும் இரத்தச் சோகையும் ஏற்பட்டு உடல் மெலிந்து போகும் நோய் இது. பின்னர் அதே நோய் சுப்பாராவையும் தாக்கியது. லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் உயிர் பிழைத்தார். இந்நோய்க்கு மருந்தாக அமையும் பொருளை, ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகமே செயற்கையாகத் தயாரித்தது.

மாமனாரின் உதவியோடும் காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையின் உதவியோடும் 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். மூன்றாண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் கருவுற்ற மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர், பின்னர் ஒருபோதும் இந்தியா திரும்பவில்லை. பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவனைக் கண்டதேயில்லை.

நீல நிறம் காட்டிய அளவு

இந்தியத் தகுதியைக் கொண்டு பாஸ்டனில் மருத்துவராகப் பணியாற்ற அவரால் இயலவில்லை. ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் சிறுநீர்க் கலங்களைக் கழுவும் வேலையையும் செய்தார். பகலில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படிப்பு. வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றபின், உயிர்வேதியியல் ஆய்வாளர் சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது.

அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட பணி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளப்பதற்கு நம்பகமான முறையொன்றை உருவாக்குவது. அதற்கு முன்பே சில முறைகள் இருந்தன. அவற்றில் தோன்றிய நிறம் நிலைத்து நிற்கவில்லை, அளவும் நம்பத்தக்கதாக இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் உருவாக்கிய முறை எளியது. இரத்த மாதிரியிலிருந்து புரதத்தை நீக்கிவிட்டு, அமிலம் கலந்த மாலிப்டேட் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால், மாதிரியில் உள்ள பாஸ்பேட் அதனுடன் இணையும். பின்னர் குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்தால் கரைசல் நீலமாகும். பாஸ்பரஸ் எவ்வளவோ அவ்வளவு ஆழ்ந்த நீலம். அளவு தெரிந்த மற்றொரு கரைசலின் நிறத்துடன் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். 1925ஆம் ஆண்டு உயிர்வேதியியல் இதழில் இது வெளியாயிற்று. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் பல தலைமுறை மாணவர்கள் இதனைக் கற்றுள்ளனர். இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவும் நிறமாற்றப் படியைத் தவிர்த்து வேறு வகையில் அளக்கின்றன. ஆனால் பாஸ்பேட்டை மாலிப்டேட்டுடன் இணையச் செய்வது என்ற அடிப்படை மாறவில்லை.

சிறுநீரக நோயாளிக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில், கிரியேட்டினினைக் கேட்டறியும் குடும்பத்தினர் பலர் பாஸ்பரஸைக் கேட்பதில்லை.

பெரியவர்களின் இரத்தத்தில் பாஸ்பரஸ் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். உணவின் வழியாக வரும் மிகுதியைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. சிறுநீரகம் செயலிழக்கும்போது பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்குகிறது. அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வருகிறது. எலும்பு வலுவிழக்கிறது, தோலில் தாங்க இயலாத அரிப்பு உண்டாகலாம், இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இதயத்திற்கும் ஆபத்து நேர்கிறது. இவை யாவும் வலியின்றி, ஓசையின்றி, பல மாதங்களாக நடைபெறுபவை. எண்ணைப் பாராமல் இவற்றை முன்கூட்டியே அறிய வழியில்லை.

டயாலிசிஸ் பாஸ்பரஸை ஓரளவே நீக்கும். ஆகையால் உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் மாத்திரைகளை மருத்துவர் தருகிறார். இவற்றை உணவுடன் சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் பிடித்துக்கொள்வதற்கு அங்கு எதுவும் இராது. குளிர்பானங்கள், பதப்படுத்தப்பட்ட இறைச்சி, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுவதுமாக உடலில் சேர்ந்துவிடுகின்றன. பருப்பு, பயறு வகைகளில் உள்ள பாஸ்பரஸ் அவ்வளவாகச் சேர்வதில்லை. பருப்பை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பொட்டலத் தின்பண்டங்களைக் கொடுக்கும் வீடுகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும், இன்னும் அடங்காத பாராதைராய்டு சுரப்பிகள் முதலிய காரணங்களால் பாஸ்பரஸ் மிகுதியாகச் சிறுநீரில் வெளியேறி, இரத்தத்தில் அதன் அளவு இயல்பைவிடக் குறைந்துவிடுவது உண்டு. தசைகள் சோர்வடையும். நேற்றுவரை பாலைக் குறைக்கச் சொன்ன மருத்துவர் இன்று பால் அருந்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர்கள் முரண்பட்டுப் பேசுவதாகக் குடும்பத்தினர் குழம்ப வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் இந்நிலை சீராகிறது.

தசையிலிருந்து அறிக்கைக்கு

பாஸ்பரஸை அளக்கும் முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது ஒரு சிக்கல் எழுந்தது. நீல நிறம் வழக்கமான நேரத்தில் முழுமை பெறாமல், நேரம் செல்லச் செல்ல மேலும் ஆழ்ந்துகொண்டே போயிற்று. வேறொருவர் இதனை முறையின் குறை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் இருவரும் இதன் காரணத்தைத் தேடினர். தசையில் பாஸ்பேட்டைத் தன்னுடன் பிணைத்து வைத்திருக்கும் பொருளொன்று உள்ளது. அமிலத்தில் அது மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது. அதனால்தான் நிறம் தாமதமாக ஆழ்கிறது என்பதைக் கண்டறிந்தனர். அப்பொருள் பாஸ்போகிரியேட்டின். 1927இல் இம்முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் தனியே இதனைக் கண்டறிந்தனர். தசை சுருங்குவதற்கான ஆற்றலை லாக்டிக் அமிலத்துடன் இணைத்து விளக்கிவந்த அன்றைய கருத்தை இது அசைத்தது. 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஆற்றல் மூலக்கூற்றையும் இருவரும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டறிந்தார்.

இதற்கும் சிறுநீரகத்திற்கும் என்ன தொடர்பு? தசையிலுள்ள கிரியேட்டினும் பாஸ்போகிரியேட்டினும் நாள்தோறும் ஏறக்குறைய சீரான வேகத்தில் சிறிதளவு சிதைந்து கிரியேட்டினின் ஆகின்றன. அதனைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. உற்பத்தி சீராக இருக்கையில் இரத்தத்தில் அளவு உயர்ந்தால், வடிகட்டும் திறன் குறைந்துள்ளது என்று பொருள். கிரியேட்டினினை அளக்கும் முறை சுப்பாராவுக்கு முற்பட்டது. அது அவருடைய கண்டுபிடிப்பன்று. அந்தக் கிரியேட்டினின் தசையில் எங்கிருந்து வருகிறது, எப்பணியைச் செய்த பொருளின் எச்சம் அது என்பதை விளக்கியவர்களில் அவர் ஒருவர்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால், தசை குறைந்தவருக்கு அந்த எண் ஏமாற்றும். தேயிலைத் தோட்டத்தில் பல்லாண்டு உழைத்து மெலிந்த 70 வயது மூதாட்டிக்கும் 25 வயது இளைஞருக்கும் கிரியேட்டினின் ஒரே அளவாக 1.2 இருப்பதாகக் கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இன்றைய சூத்திரத்தின்படி இளைஞரின் வடிகட்டும் திறன் சுமார் 86. மூதாட்டியினுடையது சுமார் 49 மட்டுமே. அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற பெயரில் வரும் எண் இதுதான். அதனையும் சேர்த்துக் கேட்டறிய வேண்டும்.

மாற்றப்பட்ட சிறுநீரகத்தைப் பொறுத்தவரை கிரியேட்டினினுக்கு மற்றொரு பணியும் உண்டு. உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கும்போது காய்ச்சலோ வலியோ இல்லாமலேயே இந்த எண் உயரத் தொடங்கலாம். முந்தைய அறிக்கையில் இருந்ததைவிட எவ்வளவு மாறியுள்ளது என்பதே முக்கியம். பழைய அறிக்கைகளைக் களையாமல் தேதி வரிசையில் அடுக்கிவைப்பது, பராமரிப்போர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணிகளில் ஒன்று.

குன்னூர் வழியாக ஒரு தேடல்

இத்தகைய ஆய்வுகளுக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்களைப் பற்றிய முடிவுகள் உரிய காலத்தில் வெளியாகாமல் போயின என்றும், பின்வந்தோர் அவற்றை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று என்றும், அதே ஆய்வகத்தில் பயின்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் தெரிவித்துள்ளார். இந்தப் பெயரை நினைவில் கொள்க. இது மீண்டும் வரும். 1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்திலுள்ள லெடர்லி ஆய்வகத்தில் முழுநேரப் பணியில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வு இயக்குநரானார்.

அங்கு அவர் கையிலெடுத்த பணிகளுள் ஒன்று, இரத்தச் சோகையைப் போக்கும் ஒரு சத்துப் பொருளைத் தேடுவது. இத்தேடலின் ஒரு தொடக்கம் நம் நாட்டில்தான் இருக்கிறது. 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு ஏற்பட்ட கடும் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். 1929இல் தம் பணியை நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு மாற்றினார். ராபர்ட் மெக்காரிசன் உணவூட்ட ஆய்வுகளை நடத்தி வந்த இடம் அது. ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் இச்சோகையைப் போக்குகிறது என்று 1931இல் அவர் வெளியிட்டார். அப்பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. குன்னூரைக் கடந்து மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி, தன் ஃபோலிக் அமில மாத்திரையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதப்பட்ட ஊரைக் கடந்தே செல்கிறார்.

1945இல் லெடர்லி குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிப்பதில் வெற்றி பெற்றனர். ஸ்புரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டபோது அவர்களின் இரத்தச் சோகை நீங்கிற்று. சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற நோய் அது. டயாலிசிஸ் செய்துகொள்வோரின் உடலிலிருந்து ஃபோலிக் அமிலம் ஓரளவு வெளியேறிவிடுவதால், தேவைப்படுவோருக்கு மருத்துவர்கள் இம்மாத்திரையை எழுதித் தருகின்றனர். சிறுநீரக நோயில் சோகைக்கு முதன்மைக் காரணம் வேறு: எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் குறைபாடு. அதற்கு ஊசி மருந்து உண்டு. ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமென்று எண்ணி ஊசியைத் தவிர்த்தல் கூடாது.

யானைக்கால் நோய்க்குத் தமிழ்நாட்டில் பலருக்கும் அறிமுகமான டி.இ.சி. மாத்திரையும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அவர் இயக்குநராயிருந்த காலத்தில் அதே ஆய்வகத்திலிருந்து வெளிவந்தவையே.

உருவம் ஒத்த போலி

ஃபோலிக் அமிலத்தை உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு, அதனைச் சிறிதளவு மாற்றியமைக்கவும் தெரியும். அவ்வாறு மாற்றப்பட்ட பொருள்களில் சில, பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருந்து, செயலில் அதற்கு எதிராக அமைந்தன. பிளவுபட்டுப் பெருகும் உயிரணு அதனை உண்மையான சத்தென்று எண்ணி ஏற்றுக்கொள்ளும், பெருக்கம் தடைபடும். அமினோப்டெரின் என்ற இத்தகைய மருந்தை லெடர்லி ஆய்வகம் பாஸ்டனில் இருந்த டாக்டர் சிட்னி ஃபார்பருக்கு அனுப்பியது. இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அவர் அதனைக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 ஜூனில் வெளியிட்டார். இதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் உள்ளது.

அந்தக் கட்டுரை வெளியான இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் நியூயார்க்கில் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 53. அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெறவேயில்லை. தம் குழுவின் கண்டுபிடிப்புகளைத் தம் பெயரில் முன்னிறுத்திக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. இந்திய அஞ்சல் துறை 1995இல் அவர் நூற்றாண்டையொட்டி அஞ்சல் தலை வெளியிட்டது.

போலிச் சத்தைக் கொண்டு உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் கருத்தை, வேறொரு வழியில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஹிச்சிங்ஸ். ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் பயின்ற அதே ஹிச்சிங்ஸ். அவரும் கெர்ட்ரூட் எலியனும் ஃபோலிக் அமிலத்திற்குப் பதிலாகப் பியூரின் என்னும் மரபுப்பொருள் கூறுகளின் போலிகளை உருவாக்கினர். 1951இல் 6-மெர்காப்டோபியூரின் கிடைத்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கிடையே சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தி வெற்றி கண்டார். இரட்டையர் என்பதால் உடல் அதனை அயல் உறுப்பாகக் கருதவில்லை. இரட்டையர் அல்லாதோருக்கு வழி இல்லாதிருந்தது.

1959இல் ராபர்ட் ஸ்வார்ட்ஸ், வில்லியம் டேமஷெக் ஆகிய இருவரும், மெர்காப்டோபியூரின் கொடுக்கப்பட்ட முயல்களின் உடல் அயல் புரதத்தை எதிர்க்கவில்லை என்று வெளியிட்டனர். புற்றணுவின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து, எதிர்ப்பு அணுக்களின் பெருக்கத்தையும் தடுக்கும் என்பதே இதன் உட்பொருள். அடுத்த ஆண்டே ராய் கால்ன் அதனை நாய்களில் சிறுநீரக மாற்றுக்குப் பயன்படுத்திக் காட்டினார். ஹிச்சிங்ஸ், எலியன் குழு அதனை மேம்படுத்தி அசாதையோப்ரின் என்ற மருந்தைத் தந்தது. 1962இல் முர்ரே குழுவினர் அம்மருந்தின் துணையுடன் உறவல்லாத ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி, அது ஓராண்டுக்கும் மேல் செயல்படச் செய்தனர். விரைவில் பிரெட்னிசோலோன் வகை மருந்தும் அசாதையோப்ரினும் சேர்ந்து வழக்கமான சிகிச்சையாயின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடைபெற்றபோது உலகெங்கும் கையிலிருந்தவை இவ்விரு மருந்துகளே. ஹிச்சிங்ஸும் எலியனும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். முர்ரே 1990இல் பெற்றார்.

சுப்பாராவ் இம்மருந்தைக் கண்டுபிடித்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது பிழை. போலிச் சத்து மனித நோயைத் தணிக்கும் என்பதை முதலில் காட்டிய மருந்துகள் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்தன. அசாதையோப்ரின் வேறோர் ஆய்வகத்தில் பிறந்தது. அவர் பங்கு இவ்வளவே. அதனை மிகைப்படுத்தத் தேவையில்லை.

உங்கள் மாத்திரைப் பெட்டியில்

இன்று பெரும்பாலோர் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகியவற்றை உட்கொள்கின்றனர். மைக்கோபீனோலேட்டும் எதிர்ப்பு அணுக்கள் பியூரின் தயாரிப்பதைத் தடுத்தே பணி செய்கிறது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது. அவர்களுக்கும் வேறு சிலருக்கும் அசாதையோப்ரின் இன்றும் பயன்படுகிறது. நிமோனியா வகைத் தொற்றைத் தடுக்க முதல் மாதங்களில் தரப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் நுண்ணுயிரியின் ஃபோலிக் அமிலத்தைத் தடுப்பதேயாகும்.

அசாதையோப்ரின் உட்கொள்பவருக்கு யூரிக் அமிலம் உயர்ந்து கால் விரல் மூட்டு வீங்கினால், அருகிலுள்ள மருந்துக்கடையில் அலோபியூரினால் வாங்கி உட்கொள்வது உயிருக்கு ஆபத்தானது. அலோபியூரினாலும் ஃபெபுக்சோஸ்டாட்டும் அசாதையோப்ரின் உடலில் சிதைவதைத் தடுக்கின்றன. எலும்பு மஜ்ஜை செயலற்று, வெள்ளணுக்கள் வீழ்ந்துவிடும். அவ்வாறே மெத்தோட்ரெக்சேட் பெருமளவு சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. மூட்டுவலிக்கோ சோரியாசிஸுக்கோ வாரம் ஒருமுறை உட்கொள்ளும் அம்மாத்திரையைச் சிறுநீரகத் திறன் குறைந்தவர் சிறிதளவு உட்கொண்டாலும் நச்சாகலாம். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கும் உயிராபத்து நேரும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், முதலில் நீங்கள் சிறுநீரக மாற்று பெற்றவர் என்பதைத் தெரிவியுங்கள். வலி நிவாரணி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் சிறுநீரகவியல் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம்.

கிரியேட்டினின் இயல்பாக உள்ளது என்பதற்காக மருந்தை நிறுத்தியவர்கள் உறுப்பை இழந்திருக்கின்றனர். இயல்பான எண், மருந்து வேலை செய்வதற்கான அடையாளம். புதிய சிறுநீரகம் இயங்கும் வரையில் மருந்தும் தொடர வேண்டும். டாக்ரோலிமஸ் அளவை அறிய இரத்தம் கொடுக்கும் நாளில் காலை வேளை மாத்திரையை இரத்தம் எடுத்த பின்னரே உட்கொள்ள வேண்டும். மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்கான செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிறுநீரக மாற்று மேற்கொள்ள இயலும். மூளைச்சாவடைந்தோரின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பராமரிக்கிறது. மருத்துவமனையின் வழியாகவே பதிவு செய்யப்படும். வீட்டிலேயே வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வழங்கப்படுகின்றன. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மலையூர்களில் வாழ்வோருக்குத் தனியாக ஒன்று. 2019 ஆகஸ்டில் எமரால்டுக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்து, மண்சரிவால் சாலைகள் அடைபட்டன. அத்தகைய நாளில் மாத்திரை தீர்ந்துபோனால் மருந்து வாங்கப் பேருந்து கிடைக்காது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னரே குறைந்தது இரு வாரங்களுக்கான மருந்தைக் கூடுதலாகக் கேட்டுப் பெற்று, ஈரம் படாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மருந்துச் சீட்டையும் கடைசி அறிக்கையையும் கைப்பேசியில் படமெடுத்து, உடன் வாழ்பவர் ஒருவரின் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள்.